ஃபோன் எண் தெரிந்தால் மோடத்துக்குள் நுழைய முடியுமா?

கேள்வி: நான் 2021இல் வாங்கிய சாம்சங் கேலக்ஸி எம்12 வைத்திருக்கிறேன். என் எண் தெரிந்தாலே மோடம் வழியாக ஃபோனைக் கைப்பற்றலாம் என்று நண்பர் பயமுறுத்துகிறார். ஆன்டிவைரஸ் போட்டால் போதுமா?

பதில்: நண்பர் கதை விடவில்லை. மோடம் என்பது ஃபோனை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் பகுதி. 2023 மார்ச்சில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினோஸ் வகைச் சிப்களின் மோடம்களில் 18 ஓட்டைகள் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் நான்கு படுமோசமானவை. எண் தெரிந்தால் போதும், நீங்கள் எதையும் தொடாமலே மோடத்துக்குள் நுழைந்துவிடலாம். சரிசெய்யத் தந்த கெடு முடிந்ததும் நுட்ப விவரங்களை வெளியிட்டுவிடும் அந்தக் குழுவே இந்த நான்கின் விவரங்களை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. உங்கள் எம்12 அந்தப் பட்டியலில் உண்டு.

ஆன்டிவைரஸ் இங்கே உதவாது. மோடம் என்பது ஃபோனுக்குள் இருக்கும் இன்னொரு கணினி. அதற்குத் தனிச் செயலி, தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்). ஆண்ட்ராய்டு பக்கம் ஓடும் ஆன்டிவைரஸுக்கு மோடத்தின் நினைவகம் கண்ணில் படவே படாது. ஃபேக்டரி ரீசெட்டும் வீண். படங்கள் அழியும், ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும்.

இத்தகைய ஃபர்ம்வேர் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்படுகிறது. வரும் தகவல் ஒதுக்கிய இடத்தில் அடங்குமா என்று அவை தாமாகப் பார்ப்பதில்லை. உழக்கில் படி அரிசியைக் கொட்டினால் தரையில் சிந்தும். இங்கே சிந்துவது பக்கத்து நினைவகத்தில். அடுத்து எந்தக் கட்டளைக்குப் போவது என்ற முகவரி அங்கே இருந்தால், தாக்குபவர் அதைத் தன் விருப்பப்படி மாற்றிவிடலாம். ஃபோன் முழுவதும் உடனே போய்விடாது. ஆனால் உங்கள் அழைப்பும் வங்கியின் ஓடிபியும் மோடம் வழியாகத்தானே வருகின்றன?

அப்டேட் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்டியையும் (4ஜி வழியாகப் பேசும் வசதி) அணைத்து வைக்கச் சொன்னது புராஜெக்ட் ஜீரோ. ஜியோ சிம் வைத்திருப்பவருக்கு இது நடக்காத காரியம். அதில் 2ஜி, 3ஜி கிடையாது, வோல்ட்டி போனால் பேச்சும் போய்விடும்.

ஆகவே செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எண் புதிதாக இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். தேதி 2023 மத்திக்கு முந்தையது என்றால் இன்றே அப்டேட் செய்யுங்கள். (மற்றவர்கள் மாடல் பெயரோடு சிப்பையும் பார்க்க வேண்டும். கேலக்ஸி எஸ்22 ஐரோப்பாவில் எக்ஸினோஸோடும் இந்தியாவில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப்போடும் விற்றது.)

அப்டேட் வருவதே நின்றுவிட்டதா? வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மை வேறு ஃபோனுக்கு மாற்றுங்கள். எம்12ஐ ஏரோபிளேன் மோடில் வைத்து, வைஃபையில் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தலாம்.