தாலிக்கொடி அடகில் இருக்கும் வீட்டில் அன்பு நிலைக்குமா?

உண்மையான ஆன்மிகக் காதல் வறுமையையும் பொருளாசையையும் தாண்டி நிற்குமா, அல்லது அதெல்லாம் புராணத்தோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும் என்பதே என் பதில். ஆனால் எந்த வறுமையில் நிற்கும், எதில் நிற்காது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. இருவருக்கும் தெரிந்து, இருவரும் சேர்ந்து சுமக்கும் இல்லாமையில் அன்பு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. ஒருவர் முடிவெடுத்து மற்றவர் பட்டினி கிடக்கும் இல்லாமையில், முடிவெடுத்தவர் எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும், அது உள்ளுக்குள் அறுந்துபோகிறது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். உரைகல்லில் உரசி, ஆசிட் விட்டு மாற்றுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் எடை கழித்து, இவ்வளவுதான் பெறும் என்று சொல்வது என் வேலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதும், சம்பா நடவுக்குக் கைக்காசு தேவைப்படும்போதும் வைக்க வருவார்கள். அறுவடை முடிந்து, தை மாசியில் மீட்க வருவார்கள். முடியாதவர்கள் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள். எந்தக் குடும்பத்தின் கஷ்டமும் எங்கள் கவுண்டருக்கு வரும்போது கிராம் கணக்கில்தான் வந்து சேரும்.

அப்படி வருவதில் கடைசியாக வருவது தாலிக்கொடி. வளையல், தோடு, ஆரம் எல்லாம் போன பிறகுதான் அதற்கு முறை வரும். கொடியை வைக்க வரும் பெண்கள் தாலியையும் குண்டுகளையும் வீட்டிலேயோ கோயிலிலேயோ கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, வெறும் கொடியை மட்டும் நீட்டுவார்கள். புதுக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கொத்தனார் வேலை செய்யும் ஒருவர் மனைவியுடன் வந்து 3 சவரன் கொடியை வைத்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். எவ்வளவு கேட்பது என்பதில் கவுண்டர் முன்னாலேயே இருவருக்கும் பேச்சு நடந்தது. அவர் கூடுதலாகக் கேட்கலாம் என்றார். அந்த அம்மாள், "வேணாங்க, வாங்குனா செலவாயிடும், அப்புறம் மீக்க முடியாது" என்று தொகையைக் குறைத்தார். இரண்டு முறை மாற்றி வைத்து, ஒரு தை மாதக் கடைசியில் மீட்க வந்தார்கள். பொட்டலத்தின் முத்திரையைப் பிரித்துக் கொடியைக் கையில் கொடுத்தபோது, இங்கேயே மாற்றிக்கொள்ளச் சொன்னார் கணவர். அதெல்லாம் நல்ல நாள் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று மறுத்துவிட்டு, அந்த அம்மாள் கொடியை அவரிடமே கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடும்போதுகூட இடக்கையைப் பையின் மேலிருந்து எடுக்காமல் நின்றார். ஆன்மிகக் காதல் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அதை நான் பார்த்திருக்கிறேன் என்றால் இந்த மாதிரியான ஆட்களிடம்தான். அவர்களிடம் கேட்டால் அந்தச் சொல்லுக்குச் சிரித்துவிடுவார்கள்.

இனி புராணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதற்கு நேரான கதை எங்கள் பக்கத்துக் கதை. திருக்கடவூரில், அதாவது இன்றைய திருக்கடையூரில், வாழ்ந்த குங்கிலியக் கலய நாயனாரைப் பற்றிச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். இறைவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்டவர் அவர். வறுமை வந்தது, நிலத்தை விற்றார், அடிமைகளை விற்றார், தொண்டை மட்டும் விடவில்லை. இரண்டு நாள் உணவில்லாமல் பிள்ளைகளும் சுற்றமும் வாடியபோது மனைவியார் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரும்படி அனுப்பினார். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு எதிரே வந்தான். கலயனார் தாலியைக் கொடுத்து அந்தப் பொதியை வாங்கிக்கொண்டு, நேரே கோயிலுக்குப் போய்ப் பண்டாரத்தில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் அந்த அம்மையார் பிள்ளைகளோடு பசியில் அயர்ந்து உறங்கினார். அன்றிரவு இறைவன் அருளால் குபேரன் வீடு நிறையப் பொன்னும் நெல்லும் குவித்தான் என்று கதை மகிழ்ச்சியாக முடிகிறது.

நாயனாரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. சாய்ந்திருந்த திருப்பனந்தாள் லிங்கத்தைத் தம் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தியவர் அவர். தம்மை வருத்திக்கொள்ளத் தயங்காதவர். இருந்தாலும் தாலிக்கொடிகளைத் தராசில் பார்க்கிறவன் என்ற முறையில் என் மனம் வீட்டிலிருந்த அம்மையாரிடமே போகிறது. நெல் வரும் என்று உலையை நினைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அவருடைய தாலி எதுவாக மாறியது என்பது அவருக்குத் தெரியாது. குபேரன் வராத வீடுகளில் இந்தக் கதை எப்படி முடிகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். கோயில் அன்னதானத்துக்கு ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, மனைவியின் இரண்டு வளையல்களை அவர் அறியாமல் கொண்டுவந்து வைத்தார் ஒருவர். பின்னால் அந்த அம்மாள் வந்து இருப்பைச் சரிபார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாமிக்குச் செய்யறத வேணாம்னு நான் சொல்வேனாய்யா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." வளையல்கள் பிறகு மீட்கப்பட்டன. அந்த வீட்டில் இப்போது அவரவர் நகை, அவரவர் பணம்.

அதே பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனாரின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவர்களுக்கும் வறுமைதான், ஒருவேளை கலயனார் வீட்டைவிடக் கடுமையான வறுமை. மழை இரவில் அடியார் ஒருவர் பசியோடு வருகிறார், வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தரலாம் என்ற யோசனையைச் சொல்வது மனைவி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழி தடவிப் போய், மழைநீரில் மிதந்த முளைகளை வாரி வருவது கணவர். வாசலில் காத்து நின்று அதை வாங்குவதும் அவள்தான். விறகில்லை என்றதும் அவர் கூரையின் கழிகளை அறுத்துத் தருகிறார். ஈரநெல்லை அவள் வறுத்துக் குத்திச் சோறாக்குகிறாள். கறிக்கு என்ன செய்வது என்றதும் அவர் போய், முற்றாத கீரையைப் பறித்து வருகிறார். அடுத்த போகத்துக்கான விதையே அந்த இரவில் போய்விட்டது. ஆனாலும் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒருவர் கொடுத்ததை மற்றவர் வேறொன்றுக்கு மாற்றவில்லை. இரண்டு வீட்டிலும் பக்தி ஒன்று, பஞ்சம் ஒன்று. இல்லறத்துக்கு எது வழி என்று என்னைக் கேட்டால் நான் இளையான்குடியைத்தான் கைகாட்டுவேன்.

நற்றிணையில் 110ஆம் பாட்டும் இந்த விஷயத்தைத் தொடுகிறது. பொற்கலத்தில் பாலை ஏந்திக்கொண்டு தாதிமார் பின்னால் ஓடினாலும் உண்ண மறுத்து விளையாடிய பெண், கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைத்துக்கூடப் பார்க்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள் என்று வளர்த்த தாய் வியக்கிறாள். அழகான பாட்டு. அந்தக் கணவனும் ஒரு பொழுதை விட்டானா என்று பாட்டு சொல்லவில்லை. எனக்கு அதுவும் தெரிய வேண்டும்.

பொருளாசையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆசையையும் அன்பையும் எதிரெதிரே நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. வெள்ளம் வந்தால் பயிர் போகும், கணவர் கீழே விழுந்தால் கூலி போகும் என்று தெரிந்த ஒரு பெண் அரை சவரன் சேர்த்துவைக்க ஆசைப்படுவதைப் பேராசை என்று சொல்கிறவருக்கு மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது என்று பொருள். குடும்பத்தைக் கெடுப்பது ஆசைப்பட்டதை மறைப்பதும், பக்கத்து வீட்டைப் பார்த்து ஆசைப்படுவதும்தான். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது, ஒரு குடும்பத்துக்கு 40 கிராம் என்ற வரம்புக்காகக் குடும்ப அட்டையையும் ஆதாரையும் வைத்து எல்லாக் கடன்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். எங்கள் பகுதியில் பல வீடுகளில் யார் பெயரில் எங்கே எது இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிவந்தது. வண்டிக்காக வைத்தது, தங்கை வீட்டுச் சீருக்காக வைத்தது, சீட்டில் போனதை மூட வைத்தது என்று. கணவர் மறைத்தது மட்டுமல்ல, மனைவி மறைத்ததும் இருந்தது. கடன் தொகையைக் கேட்டு முகம் மாறியவர்களைவிட, வைத்த தேதியைக் கேட்டு முகம் மாறியவர்களே அதிகம். அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று மனம் கணக்குப் போடும்போது, பணம் பின்னால் போய்விடுகிறது.

குடிப்பழக்கத்தால் வரும் வறுமையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அறத்தோடு சேராத வறுமை வந்தால் பெற்ற தாயும் அயலானைப் போலப் பார்ப்பாள் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். மனைவியை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

இதே திருக்கடையூரில்தான் இன்று அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள எங்கிருந்தெல்லாமோ தம்பதிகள் வருகிறார்கள். கலயனாரின் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்த ஊரில், கிழவர்கள் கிழவிகளுக்கு மறுபடி தாலி கட்டுகிறார்கள். அந்த மேடையில் உட்காரும் எல்லோரும் காதலில் வென்றவர்கள் என்று நான் நினைப்பதில்லை. பழக்கத்தாலும் பிள்ளைகளுக்காகவும் சேர்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர்கள் அந்தச் சடங்குக்காக நகையை மீட்க வரும்போது, இது எந்த வருஷம் வைத்தது, எதற்கு வைத்தது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்வதைக் கேட்டால், எந்த வீட்டில் கணக்கு ஒன்றாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒன்றாக நின்றும் உடைந்துபோன வீடுகள் உண்டு. நோய்க்கு வாங்கிய கடன், அதை அடைக்க வெளியில் வாங்கிய கந்துவட்டி, கணவர் திருப்பூரில், மனைவி அம்மா வீட்டில், பிள்ளை விடுதியில் என்று ஆகி, நாலைந்து வருடத்தில் பேசுவதற்கே ஒன்றுமில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை, வேறொருவரை நாடவில்லை, களைத்துப்போனார்கள். உண்மையான காதலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று அவர்களைப் பற்றிச் சொல்ல நான் தயாராக இல்லை. ஏலத்துக்குப் போகுமுன் வந்த அறிவிப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து, இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று அவர்களில் ஒருவர் கேட்டது அவருடைய நகைக்காக அல்ல, மனைவியின் பெயரில் இருந்த 4 கிராம் தோட்டுக்காக. அப்போது அவர்கள் பிரிந்து வாழத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.