படுத்துக்கொண்டே படிக்கலாமா? வாசிப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: புத்தகம் படிப்பவர்களுக்கு ஆயுள் கூடும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: அடிப்படை உண்டு, வாய் வழியாகப் பரவியதில் கொஞ்சம் பெருத்துவிட்டது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஐம்பதைத் தாண்டிய 3,635 பேரின் 12 ஆண்டுத் தரவுகளைப் பார்த்தார்கள். எல்லோரும் சொல்லும் ‘23 மாதம் கூடுதல்’ என்பது வயது, உடல்நிலை, வசதி எதையும் கழிக்காத கச்சா எண். அவற்றைக் கழித்த பிறகும் புத்தகம் படிப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 20 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஆனாலும் நலமாக இருப்பவர்தானே புத்தகத்தை எடுக்கிறார் என்ற சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. ஆயுளுக்காகப் படிக்க உட்கார்ந்தால் பத்துப் பக்கம் தாண்ட மாட்டீர்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: இரண்டு பக்கத்துக்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. படித்த வரியையே மறுபடி படிக்கிறேன். இது குறையா?

பதில்: மறுபடி படிப்பது குறையே இல்லை. கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தவளைபோலத் தாவித் தாவி நிற்கிறது. ஒரு நிறுத்தம் ஏறத்தாழக் கால் நொடி. எதிரில் உட்கார்ந்து படிப்பவரின் கண்மணியை உற்றுப் பாருங்கள், துடிதுடிப்பது தெரியும். தேர்ந்த வாசகரின் கண்ணும் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும். அதை ஒழித்து மின்னல் வேகத்தில் படிக்கக் கற்றுத்தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வேகம் ஏற ஏறப் புரிதல் இறங்கும்.

மனம் ஓடுவது வேறு விஷயம். கைபேசி கவிழ்ந்து கிடந்தாலும் பாதிக் காது அங்கேதான் இருக்கும். அடுத்த அறையில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் மனம் சண்டித்தனம் செய்யும், விட்டுவிடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் பக்கத்துக்குள் விரலை வைத்துப் புத்தகத்தை மூடி, நடந்ததை நாலு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே கண் மட்டும்தான் படித்திருக்கிறது. எனக்கு இன்றும் தடுமாறும்.

கேள்வி: எனக்கு 64 வயது. இத்தனை காலம் படிக்காதவன் இனிப் படித்து மூளைக்கு என்ன ஆகப்போகிறது?

பதில்: ஆகும். எழுத்தறியாதவர்கள், பெரியவர்களான பின் கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் என 63 பேரின் மூளையை 2010-இல் ஒப்பிட்டார்கள். எழுத்தை இனம்காணும் இடப்பக்கப் பகுதி, தாமதமாகக் கற்றவர்களிடமும் வேலை செய்தது. 294 முதியவர்களைப் பற்றிய 2013 ஆய்வில், முதுமையிலும் படிப்பு, எழுத்து என்று மூளைக்கு வேலை கொடுத்தவர்களுக்கு நினைவாற்றல் மெதுவாகவே தேய்ந்தது. மறதிநோயே வராது என்று பொருள் அல்ல. தெரிந்த வழியே மறக்கிறதென்றால் புத்தகம் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் படித்தால்தான் தூக்கம் வருகிறது. தவறா?

பதில்: உங்களுக்கு வருகிறதென்றால் நான் ஏன் கெடுக்க வேண்டும்? 2015 ஆய்வொன்றில் 12 பேர் படுக்கும்முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தார்கள். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால், தூக்கம் வர ஏறத்தாழப் பத்து நிமிடம் தாமதமானது. உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் குறைந்தது. நான்கு மணி நேரம் உங்களுக்குப் பொருந்தாது. வெளிச்சத்தைக் குறையுங்கள், அறிவிப்புகளை அணையுங்கள். துப்பறியும் கதை மட்டும் வேண்டாம்.

கேள்வி: மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடுமா?

பதில்: களைக்கும், கெடாது. படிக்கும்போது இமைப்பது குறைவதால்தான் எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தொலைவில் பாருங்கள். குழந்தைகள் பகலில் வெளியே விளையாடட்டும். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட அது உதவும்.

கேள்வி: படுத்துப் படித்தால் கழுத்து வலிக்கிறது, என்ன செய்ய?

பதில்: தலையணையை அடுக்கித் தாடையை மார்பில் இடிக்க வைத்திருப்பீர்கள். முதுகையும் சேர்த்துச் சாய்த்து உட்காருங்கள். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தை நிறுத்துங்கள். கனமான புத்தகமென்றால் எழுந்து மேசைக்குப் போய்விடுங்கள். நான் ஒருமுறை தூங்கிப்போய் மூக்கில் வாங்கிக்கொண்டேன்.