மகளுக்கு கெமிக்கல் இன்ஜினீயரிங், பிறகு பயோடெக்: எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, தடுப்பூசி, மருந்து தயாரிக்கும் பயோடெக் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரி ஒன்றில் பி.டெக். கெமிக்கல் கிடைக்கும் போலிருக்கிறது. விடுதியையும் சேர்த்து ஆண்டுக்கு 1.35 லட்சம் ஆகும். இன்னொரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக். பயோடெக்னாலஜி தருகிறார்கள். அங்கே ஆண்டுக்கு 4.5 லட்சம். என் சம்பளம் மாதம் 45,000 ரூபாய். வங்கி டெபாசிட் 5 லட்சம், 20 பவுன் நகை, சொந்த வீடு இருக்கின்றன. டெபாசிட்டை எடுத்துக் கட்டிவிட்டு, மீதிக்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? பயோடெக் என்று பெயரிலேயே இருக்கும் படிப்புதானே அவளுக்கு நல்லது?
– வாசகர், நாமக்கல்

பதில்: வீட்டை வைக்காதீர்கள். கவுன்சிலிங்கில் வரும் கெமிக்கல் இடத்தை எடுங்கள். பணம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் மகள் போக நினைக்கும் இடத்துக்கு அதுதான் நேர்வழி.

பயோடெக் தொழிற்சாலையில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். ஆய்வகத்தில் 5 லிட்டர் ஃபெர்மென்டரில் நன்றாக வளர்ந்த நுண்ணுயிரை 5,000 லிட்டர் தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அதே வடிவத்தில் தொட்டியைப் பெரிதாக்கினால் கொள்ளளவு 1,000 மடங்கு கூடும், வெளிச்சுவரின் பரப்போ 100 மடங்குதான் கூடும். அதாவது லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், சூட்டை வெளியே விடும் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கும் பால் தம்ளர் பால் போல் சீக்கிரம் ஆறாதது இதனால்தான். நுண்ணுயிர் வளரும்போது விடும் வெப்பம் உள்ளேயே தங்கினால் அது செத்துவிடும். உள்ளே குளிர்நீர்ச் சுருள் வைப்பதா, கலக்கியை எவ்வளவு வேகமாகச் சுற்றுவது, எவ்வளவு காற்றைச் செலுத்தினால் ஆக்சிஜன் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும் என்பதெல்லாம் ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர், ரியாக்‌ஷன் இன்ஜினீயரிங் பாடங்கள் தரும் கணக்கு. கெமிக்கல் படிப்பின் முதுகெலும்பே இவைதான். பயோடெக் பாடத்திட்டத்திலும் இவை உண்டு. ஆனால் அங்கே மைக்ரோபயாலஜி, ஜெனடிக்ஸ், இம்யூனாலஜி போன்றவற்றோடு இடத்தைப் பங்குபோட வேண்டியிருப்பதால் ஆழம் குறையும்.

பணக் கணக்கை மாற்றும் விஷயம் இன்னொன்று. பி.டெக். பயோடெக் முடித்தவருக்கு ஆராய்ச்சி சார்ந்த நல்ல வேலை வேண்டுமென்றால் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் தேவைப்படுகிறது. கெமிக்கல் முடித்தவர் நான்காம் ஆண்டிலேயே மருந்து, உரம், பெயின்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு என எந்தத் தொழிற்சாலைக்கும் விண்ணப்பிக்கலாம். இந்தியன் ஆயில், சென்னை மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சி.பி.சி.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை எடுக்கும்போது கேட்கும் பட்டங்களில் கெமிக்கலும் ஒன்று. பயோடெக் பட்டத்தை வைத்து அந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பது கடினம். கெமிக்கலிலிருந்து பயோடெக்குக்கு எம்.டெக். வழியாகப் போகலாம், ஆனால் பி.டெக். பயோடெக்கிலிருந்து சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் திரும்புவது எளிதல்ல. ஆகவே நான்கு ஆண்டுச் செலவை மட்டும் பார்க்காமல், ஆறு ஆண்டுக்குத் திட்டமிடுங்கள். கையில் இருப்பதை முதல் நான்கு ஆண்டிலேயே தீர்த்துவிட்டால், எது முக்கியமோ அந்த ஐந்தாம் ஆண்டில் கை வெறுமையாக இருக்கும்.

இப்போது கணக்கு. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் வங்கி சொல்லும் விகிதம் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

மேனேஜ்மென்ட் இடத்துக்கு மொத்தம் 18 லட்சம். டெபாசிட் 5 லட்சத்தையும் போட்டாலும் 13 லட்சம் கடன், ஆண்டுக்கு 3.25 லட்சம் வீதம். கல்விக் கடனில் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் தவணை கிடையாது. ஆனால் வட்டி நிற்காது, தனிவட்டியாக ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 4.55 லட்சம் சேர்ந்து, கடன் 17.55 லட்சமாக நிற்கும். 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 23,200 ரூபாய். தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டினாலும் மாதம் 18,900 ரூபாய்க்கு அருகில் வரும். மகள் மேலே படிக்கப் போனால் இந்தத் தவணை உங்கள் 45,000-இலிருந்துதான் போகும். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். உங்கள் வீடு இந்தக் கதைக்குள் வருவதே அதனால்தான்.

கவுன்சிலிங் இடத்துக்கு மொத்தம் 5.4 லட்சம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்குங்கள். மீதி ஆண்டுக்கு 35,000 ரூபாயைச் சம்பளத்திலிருந்து, அதாவது மாதம் 3,000 ரூபாய் அளவில் ஒதுக்கிச் சமாளிக்கலாம். 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், உங்கள் பங்குத் தொகையும் வேண்டாம். பெற்றோர் ஒருவர் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டால் போதும். வட்டியைக் கட்டாமல் விட்டால் 1.4 லட்சம் ஏறி, 5.4 லட்சத்துக்கு 7 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 8,970 ரூபாய் வரும்.

ஆனால் வட்டியை அவ்வப்போது கட்டிவிடுங்கள். முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,667, மூன்றாம் ஆண்டில் 2,500, பிறகு 3,333. உங்கள் சம்பளத்தில் தாங்கக்கூடியதுதான். கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணை 6,640 ரூபாய்க்கு இறங்கும். படிக்கும் காலத்தில் வட்டி கட்டி வருபவர்களுக்குச் சில வங்கிகள் 1 சதவீதம் குறைத்தும் தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தையும் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 5.4 லட்சம் என்பதால் வருமானத் தகுதி இருக்கிறது. மேலே சொன்ன 1.4 லட்சம் வட்டியில் 42,000 ரூபாய் குறையும். ஆனால் திட்டப் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் கிடைத்த இடமாகவும் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது. கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசையைக் கொடுப்பதற்கு முன்பே, எந்தெந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி மிச்சமாகும் என்று சொல்லிப் பெரிய கடனை யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். கல்விக் கடன் வட்டிக்குத் தரும் வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு. உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரிமுறையில் வரியே வராது, எனவே அந்தக் கழிவால் உங்களுக்குப் பயனில்லை.

டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 10 சதவீதம் கொடுப்பது நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வித்தியாசம் 3.5 சதவீதம், அரசு சலுகை கிடைத்தால் அரை சதவீதம். அந்த விலைக்கு, வேலை போனாலும் உடம்புக்கு வந்தாலும் கைக்கு எட்டும் 5 லட்சம் உங்களிடம் இருக்கிறது. நான்கு ஆண்டில் வரிக்கு முன் அது 6.4 லட்சமாகும். முதுநிலைப் படிப்புக்கான பணம் அதுதான். இந்தியாவிலேயே எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் (GATE) எழுதிச் சேர்ந்தால் அதையும் அதிகம் தொட வேண்டியிருக்காது. மாதம் 12,400 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு 2.97 லட்சம் உதவித்தொகை வருகிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பயோகெமிக்கல் இன்ஜினீயரிங்குக்கென்றே தனித் துறை இருக்கிறது. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், பெண்களுக்குக் கட்டணமும் ஏறக்குறைய பாதிதான்.

கெமிக்கலில் சேர்ந்தால் பயோடெக்கை எங்கே படிப்பது? மாணவரே தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் பாடங்களில். பயோகெமிக்கல் இன்ஜினீயரிங், என்சைம் இன்ஜினீயரிங், டவுன்ஸ்ட்ரீம் பிராசஸிங் (தொட்டியில் விளைந்த பொருளைப் பிரித்துத் தூய்மையாக்குவது) மூன்றையும் அந்தக் கல்லூரி உண்மையிலேயே நடத்துகிறதா என்று கேளுங்கள். சிலபஸில் பெயர் இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. கடந்த இரண்டு ஆண்டில் எந்த எலெக்டிவ் நடந்தது என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். விட்டுப்போனதை ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் வழியாகப் படிக்கலாம். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கட்-ஆஃப் குறைவோ என்று யோசிக்காமல் விருப்பப் பட்டியலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக்கை (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) முதலில் போடுங்கள். 1944-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் கெமிக்கலும் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மேலே போட்டதால் கீழே உள்ள வாய்ப்பு எதுவும் குறையாது.

மூன்றாம் ஆண்டு கோடையில் பயிற்சிக்காக, பயோடெக் நிறுவனங்கள் நிறைந்த ஹைதராபாத் ஜீனோம் வேலி, பெங்களூரு போன்ற இடங்களில் தங்க 25,000 ரூபாயாவது தனியாக எடுத்துவையுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. "வேலை உறுதி" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளுக்கு மட்டும் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கவுன்சிலிங் வழியாகச் சேரும் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அந்த நேரத்தில் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

கடன் விண்ணப்பத்தில் அடிக்கடி சறுக்கும் இடம் கல்லூரி தரும் கட்டண விவரக் கடிதம். அதில் டியூஷன் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வங்கி அந்தத் தொகைக்கு மேல் தராது. விடுதி, உணவு, ஆய்வகம், தேர்வு, புத்தகம், மடிக்கணினி என்று நான்கு ஆண்டுக்கும் தனித்தனியாக எழுதி, முத்திரையுடன் வாங்குங்கள். உங்கள் பெயரில் டி.வி.யோ ஃபோனோ தவணையில் வாங்கிய பாக்கி இருந்தால் முதலில் முடியுங்கள், கூட்டு விண்ணப்பதாரர் பழைய கடன்களை ஒழுங்காக அடைத்தாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கைப்பணத்தில் கட்ட நேர்ந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதை வங்கியில் திரும்பப் பெற முடியும், தாமதித்தால் மறுத்துவிடுவார்கள். ஒதுக்கீட்டு ஆணை கிடைத்த அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும்.