துலாம்பென் கரையில் டைவ்: சுமைகூலியும் வாடகைக் கருவியும்

கேள்வி: பாலித் தீவின் துலாம்பெனுக்கு நண்பருடன் போகிறேன். இருவரிடமும் ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் இருக்கிறது. கருவிகளை வாடகைக்கு எடுத்து, நாங்களே கரையிலிருந்து டைவ் இறங்கலாமா? சுமை தூக்குபவர்களுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: இறங்கலாம், படகு தேவையில்லை. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டி இங்கேதான் கரையேற்றப்பட்டது. 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்று கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், சுமார் 5 முதல் 30 மீட்டர் ஆழம் வரை கிடக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. கப்பலுக்குள் நுழையவும் வேண்டாம். முதல் டைவுக்கு உள்ளூர் கைடு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கூலி விஷயத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். கரை முழுக்க உருண்டைக் கற்கள். அதில் சிலிண்டரைத் தலையில் சுமந்து நடப்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அது அவர்கள் பிழைப்பு. ‘நாங்களே தூக்கிக்கொள்கிறோம்’ என்று சொன்னால் அவர்களுக்கு வருமானம் போகும், உங்களுக்குக் கால் பிசகும். பல டைவ் கடைகள் சுமைகூலியை டைவ் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பேரம் பேச இடமிருக்காது.

கருவியைக் கடையிலேயே சோதியுங்கள், கரைக்கு வந்த பிறகு அல்ல. சிலிண்டரில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் இருக்கிறதா? சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் இரண்டிலும் மூச்சு இழுக்கும்போது அழுத்தமானியின் முள் ஆடக் கூடாது. மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கியான பிசிடியில் காற்று நிரப்பிச் சில நிமிடம் வைத்தால் கசிவு தெரிந்துவிடும். காற்றில் எண்ணெய் வாடை வந்தால் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸும் அதற்கேற்ற, குதிகாலில் பட்டை உள்ள கால்துடுப்பும் (ஃபின்) கேளுங்கள். வெறுங்காலில் போடும் துடுப்பு இந்தக் கற்களுக்கு ஆகாது.

சிலிண்டரைக் காலியாக்காதீர்கள், 50 பார் மிச்சத்தோடு மேலே வாருங்கள். ரெகுலேட்டரைக் கழற்றியதும் அதில் காற்று நுழையும் துளைக்கான தூசிமூடியை உலர்த்தி மாட்டுங்கள். உள்ளே உப்புநீர் போனால் பழுது கடைக்காரர் தலையில்தான் விழும். கேமரா கழுவும் தொட்டியில் பூட்ஸை அலசாதீர்கள். அப்புறம், எதிலாவது கீறலோ கசிவோ கண்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்து அதை மாட்டிக்கொண்டு இறங்கப் போவது வேறொருவர்.