டொயோட்டா ஐக்யூ: மூன்று மீட்டருக்குள் நான்கு சீட்

கேள்வி: மூன்று மீட்டர்கூட இல்லாத காரில் நான்கு சீட்டை எப்படி அடைத்தார்கள்?

பதில்: நீளம் 2,985 மி.மீ. முன்சக்கரத்தில் ஓடும் கார்களில் டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) வழக்கமாக எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும். இதில் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் முன்சக்கரங்கள் காரின் மூக்கு நுனிக்கே போய்விட்டன, எஞ்சின் அறை சுருங்கியது. பெட்ரோல் டேங்கைத் தோசைக்கல் மாதிரித் தட்டையாக்கித் தரைக்கடியில் செருகினார்கள். எனக்குப் பிடித்தது டாஷ்போர்டு வேலைதான். ஏசி யூனிட்டைச் சிறிதாக்கி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே டாஷ்போர்டை உள்வாங்கியிருப்பார்கள். அதனால் அந்த சீட்டை டிரைவர் சீட்டைவிட முன்னால் நகர்த்தலாம், அதற்குப் பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்க இடம் கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் நாலு பேர் தாராளமாகப் போகலாமா?

பதில்: எங்கே! டொயோட்டாவே "3+1" என்றுதான் சொல்லியது, அதாவது மூன்று பெரியவர்கள், கூடவே ஒரு குழந்தை அல்லது பை. ஒருமுறை டிரைவருக்குப் பின்னால் ஏறிப் பார்த்தேன். முழங்கால் மோவாயைத் தொடாத குறை. காய்கறிப் பை வைக்கலாம். பின்சீட்டை மடக்காவிட்டால் டிக்கி வெறும் 32 லிட்டர், ஒரு லேப்டாப் பையோடு சரி.

கேள்வி: பின்கண்ணாடி தலைக்கு அவ்வளவு கிட்டே இருக்கிறதே, பின்னாலிருந்து யாராவது இடித்தால்?

பதில்: அதற்காகவே கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே திரைபோல் விரியும் ஏர்பேக் உண்டு. உலகில் முதலில் வந்தது இதில்தான்.

கேள்வி: இது கேய் கார்தானே, ஜப்பானில் வரிச்சலுகை பெறும் குட்டிக் கார் வகை?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கேய் வரம்பு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி. ஐக்யூ நீளத்தில் தேறிவிடும். ஆனால் அகலம் 1.68 மீட்டர், எஞ்சின் 1 லிட்டர். ஆக, கேய் வரிச்சலுகை கிடையாது. நாலு பேர் கால் நீட்டி உட்காரும் உயரமான கேய் கார்கள் சலுகையோடு கிடைக்கும்போது இதை எத்தனை பேர் வாங்குவார்கள்? 2008-09க்கான ஜப்பானின் 'கார் ஆஃப் தி இயர்' விருது வாங்கியும் சொந்த ஊரில் எடுபடாததற்கு இதுதான் காரணம் என்பேன்.

கேள்வி: பிரிட்டனின் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான ஆஸ்டன் மார்ட்டின் இதே காரை விற்றதாமே?

பதில்: விற்றது. 2011இல் தங்கள் கிரில்லை மாட்டி, உள்ளே தோல் போர்த்தி, 'சிக்னெட்' என்று பெயர் வைத்தார்கள். விலை கேட்டவர்கள் மயங்கி விழாத குறை. 2013இல் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கிறேன். பழைய ஐக்யூ வாங்கலாமா?

பதில்: ஒருவர் இருவர் என்றால் தாராளமாக. திரும்பும் ஆரம் 3.9 மீட்டர்தான், முட்டுச்சந்தில் விட்டாலும் சமாளிக்கும். குழந்தை இருந்தால், குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய்ப் பின்னால் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.