லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வயிற்றில் நீர்: அறுவை மருத்துவர் பதில்கள்

கேள்வி: அக்காவுக்கு லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. கேஸ்தான் என்கிறார்கள். காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். ஆபரேஷனின்போது நாங்கள் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடில் மிச்சம் இருப்பதைச் சில நாளிலேயே உடம்பு உறிஞ்சிவிடும். பத்தாம் நாளும் வயிறு ஏறினால் பழியைக் கேஸ் மேல் போட முடியாது. இன்றே ஸ்கேன் எடுங்கள். காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைவது என ஏதாவது ஒன்று இருந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கும் அதே ஆபரேஷன். ஸ்கேனில் நிறைய நீர். ரத்தத்தில் கிரியேட்டினின் 3.2. கிட்னி போய்விட்டதா சார்?

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். சிறுநீர்ப்பையிலோ, கிட்னியிலிருந்து அதற்கு வரும் சிறுநீர்க் குழாயிலோ ஓட்டை விழுந்து சிறுநீர் வயிற்றுக்குள் கசிந்தால், வயிற்றின் உள்சவ்வு கிட்னி வெளியேற்றிய கிரியேட்டினின் என்ற கழிவைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பும். கிட்னி நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட் பயமுறுத்தும்.

ஊசி போட்டு எடுத்த நீரிலும் அதே நாள் ரத்தத்திலும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் பல மடங்கு அதிகம் என்றால் அது சிறுநீர்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பெரிய செலவில்லாத டெஸ்ட், ஆனால் எழுதிக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்! ஆபரேஷனில் பயன்படுத்தும் கரண்ட் கருவியின் சூடு பட்ட இடம் அன்றைக்குப் பார்க்க நன்றாக இருப்பது போலவே தோன்றலாம். சில நாள் கழித்து அது அழுகி ஓட்டையாகலாம். சிறுநீர்ப்பையில் சின்ன ஓட்டை என்றால் சிறுநீர் டியூப் போட்டு வைத்தாலே பெரும்பாலும் ஆறும். குழாயில் என்றால் ஸ்டென்ட் (உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்), இல்லையேல் மறு ஆபரேஷன்.

கேள்வி: எனக்குப் பித்தப்பை எடுத்தார்கள். டியூபில் பச்சையாக வருகிறது.

பதில்: பித்தநீர்க் கசிவாக இருக்கலாம். நீரில் பிலிரூபின் (பித்தநீரில் இருக்கும் நிறப்பொருள்) பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்தே சரிசெய்யலாம்.

கேள்வி: மனைவிக்கு எல்லா டெஸ்டும் நார்மல். "காரணம் தெரியவில்லை" என்கிறார்கள். இப்படிக்கூட உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம். உள்சவ்வு எரிச்சலடைந்து நீர் சுரக்கிறது என்பது ஒரு யூகம். "எல்லா டெஸ்டும்" என்பதில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். கிரியேட்டினின், பிலிரூபின், அமிலேஸ், ஆல்புமின், ட்ரைகிளிசரைடு, செல் எண்ணிக்கை, கல்ச்சர், புற்றுநோய் செல் தேடல் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் வயிற்று டிபியையும் விடக்கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே அது உள்ளே இருந்திருக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்வேன்.

அப்புறம், சிலர் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு தருவார்கள். கிருமித் தொற்றும் டிபியும் இல்லை என்று உறுதியாகாமல் அதைத் தொடக்கூடாது.

கேள்வி: நீரை எடுத்தால் மறுபடி ஊறும் என்கிறார்களே?

பதில்: கசிவு அடைபடாவிட்டால் ஊறத்தான் செய்யும். காரணம் தெரியாத வகையில், வடித்துக்கொண்டே வந்தால் பலருக்குத் தானாக நின்றுவிடுகிறது. டியூபில் தினமும் எத்தனை மில்லி வருகிறது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ரவுண்ட்ஸில் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.