சிர்கோனியாத் தண்டை அலுமினாக் குழாய்க்குள் கண்ணாடியால் ஒட்டினால் ஆறும்போது ஏன் விரிசல் விடுகிறது?

சிர்கோனியா, அலுமினா இரண்டும் கடும் சூடு தாங்கும் செராமிக்குகள். அவற்றைப் போரோசிலிக்கேட் (ஆய்வகக் குடுவைகள் செய்யும் வகை) கண்ணாடித் தூளை வைத்து ஒட்டியதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணாடித் தேர்வும் தவறு, எது உள்ளே எது வெளியே என்பதும் தவறு. இரண்டாவதுதான் பெரிய தவறு.

500 டிகிரி வரையிலான சராசரியில், ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினா பத்து லட்சத்தில் சுமார் 7.5 பங்கு விரியும். சிர்கோனியா 10 பங்கு. போரோசிலிக்கேட் வெறும் 3.3. கண்ணாடி இளகியிருக்கும்வரை இந்த வித்தியாசம் உறைக்காது. இறுகிய பிறகு நடக்கும் சுருக்கம்தான் கணக்கு. 520 டிகிரியில் இறுகினால், அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் 20 மி.மீ. விட்டத்தில் சிர்கோனியா 0.025 மி.மீ. கூடுதலாகச் சுருங்கிவிடும். அது உள்ளே இருந்தால் குழாய்ச் சுவரை விட்டு விலகப் பார்க்கும், நடுவில் மாட்டிய கண்ணாடி இழுபடும். நெரித்தால் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. ஆகவே சிர்கோனியாவை வளையமாக வெளியே வையுங்கள். அதுவும் 3 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த வகையாக இருக்கட்டும். 8 சதவீத வகைக்கு அதில் பாதி வலிமைகூடக் கிடையாது, வளையமே பிளக்கலாம்.

கண்ணாடியின் விரிவு 8-க்கும் 9-க்கும் இடையில் வேண்டும். ஒத்திகைக்குச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே போதும். 450 டிகிரிக்கு மேல் வேலை செய்யவேண்டிய இணைப்பென்றால் பேரியம் அலுமினோசிலிக்கேட் வகைக் கண்ணாடிக்குப் போங்கள். கண்ணாடியின் விவரத்தாளில் பெரும்பாலும் 300 டிகிரி வரையிலான எண்ணும், செராமிக்கின் தாளில் 1000 வரையிலான எண்ணும் இருக்கும். அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். சந்தேகமிருந்தால் 1 மி.மீ. அலுமினாப் பட்டையின் ஒரு பக்கம் பூசிச் சுட்டுப் பாருங்கள்: கண்ணாடிப் பக்கம் குழிந்தால் கண்ணாடி அதிகம் சுருங்குகிறது என்று பொருள்.

ஜன்னல் கண்ணாடிக்கான முறை இது. 45 மைக்ரான் சல்லடையில் சலித்த தூளை டெர்பினியோல் (கரைப்பான்), எத்தில் செல்லுலோஸ் (தூளைப் பிணைக்கும் பொருள்) சேர்த்துப் பசையாக்குங்கள். இடைவெளி பக்கத்துக்கு 0.05 மி.மீ. போதும், சூட்டில் வளையம் விரிந்து இன்னும் கொஞ்சம் இடம் தரும். தூள் உருகினால் ஏறத்தாழ பாதியாக அடங்கிவிடும் என்பதால் மேல் விளிம்பிலும் பசையைக் குவித்து வையுங்கள். 120 டிகிரியில் உலர்த்தி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 450 வரை ஏற்றி, காற்றோட்டத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். இங்கே அவசரப்பட்டால் பசை முழுதும் எரியாமல் கண்ணாடிக்குள் குமிழியாகத் தங்கும். பிறகு 950 டிகிரியில் 15 நிமிடம். அதிகம் நின்றால் கண்ணாடி படிகமாகி அதன் விரிவே மாறிவிடும். இறங்கும்போது 545-இல் அரைமணி, அங்கிருந்து 400 வரை நிமிடத்துக்கு 1 டிகிரி. அதற்குப் பிறகு உலையை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் தானாக ஆற விடுங்கள்.